எழுதியவர், ஒப்பிட்டவர்

9-1-2023, திங்கள்
முகாம்: மகள் வீடு, வேல்ஸ்

வேலையில் இருந்த முப்பத்திரண்டு வருஷமும் மாதாமாதம் நாட்குறிப்பு எழுதி மேலே அனுப்பியவள் நான். வருவாய் ஆய்வாளர் சிதம்பரவடிவின் நாட்குறிப்பு தாமதம் என்று ஒரு மெமோ வந்ததில்லை. ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் பழக்கம் விடவில்லை. தேதி, முகாம், செய்த வேலை. அவ்வளவுதான்.

இன்று செய்த வேலை: அருவருப்புப் பட்டது. இந்த நாட்டில் குளியலறையிலும் கக்கூஸிலும் கம்பளம் விரித்திருக்கிறார்கள். கால் வைத்தால் சதசதவென்று இருக்கிறது. வாடகை வீடு, வரும்போதே கிடந்தது என்கிறாள் மகள் நாயகி. இதற்கு முன்னால் குடியிருந்தவர்களின் காலழுக்கும் சேர்ந்துதான் வாடகை போல. பக்கத்து வீட்டுக்காரி பாத்திரத்தை நுரையில் முக்கி எடுத்து, அலசாமல் அப்படியே துணியால் துடைத்து அடுக்குகிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இனி அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்.

நாயகி இங்கே வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுகிற நர்ஸ். கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவளும் மாப்பிள்ளை உலகநாதனும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க மனுப் போட்டிருக்கிறார்கள். அதற்கு இங்கே ஊரைக் கூட்டி விசாரிக்கிறார்கள். பெத்தன் என்று ஒரு பெண் அதிகாரி 27ஆம் தேதி வந்து என்னிடமும் பேசுவாளாம். என்னை வரவழைத்ததே அதற்குத்தான். நான் என்ன சொல்கிறேன் என்பதும் அறிக்கையில் போகும். அதற்குள் குடும்பத்தின் வம்ச வரைபடம் ஒன்றும் எழுதித் தர வேண்டும்.

"உங்க கையெழுத்துதான் நல்லாருக்கும். நீங்களே எழுதிருங்கம்மா," என்றாள்.

பத்து நிமிஷ வேலை. நாளை எழுதிவிடலாம்.

12-1-2023, வியாழன்
முகாம்: மகள் வீடு

இன்று நாயகியோடு ஒரு பெரிய வீட்டுக்குப் போனேன். அவள் புண் கட்டப் போகிற கிழவர், பெயர் சர் இத்வல் கார்ன்வென். எண்பத்து நான்கு வயது. தகப்பனுக்குப் பின் மகன் என்று தலைமுறை தலைமுறையாக வருகிற பட்டமாம் அந்த 'சர்'. ஊரிலிருந்து ஆள் வந்திருப்பது தெரிந்து, அம்மாவையும் கூட்டி வா என்று சொல்லியிருக்கிறார்.

அரண்மனை மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். சுவரெல்லாம் பூஞ்சை. நனைந்த நாயின் வாடை வாசலிலேயே வரவேற்கிறது. அந்த நாய் சாப்பாட்டு மேஜையின் மேல் முன்னங்காலைப் போட்டு அவர் தட்டை நக்குகிறது. நக்கி முடித்த தட்டை ஒரு பெண் எடுத்துப்போய்த் துடைத்து அலமாரியில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். அவளே எனக்கு டீ கொண்டுவந்தாள். வேண்டாம், விரதம் என்றேன்.

கட்டைப் பிரித்ததும் சீழ் வாடை. நாயகி முகம் சுளிக்காமல் துடைத்தாள். அந்தக் காலைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நான் பேச்சுக் கொடுத்தேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கொடுப்போம், யார் மனைவி, யார் பிள்ளை என்று தெருவில் நாலு பேரிடம் விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை என்றேன். இந்தப் பெயரைச் சேருங்கள், அந்தப் பெயரை விடுங்கள் என்று காலில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ஆதாரம் இல்லாத பெயரை ஒருநாளும் எழுதியதில்லை, என் சொந்த வீட்டிலேயே எழுதவில்லை என்றேன்.

நாயகியின் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. டேப் ஒட்டவில்லை போல.

கிழவருக்கு ஒரே சந்தோஷம். லண்டனில் பட்டக்காரக் குடும்பங்களின் வம்சங்களைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். புதுப் பதிப்புக்கு விவரம் அனுப்ப வேண்டும். அவருக்குக் கை நடுங்குகிறது, கண்ணும் சரியில்லை. என்னைச் சுத்தப்பிரதி எழுதித் தரச் சொன்னார். சும்மா இருப்பதற்கு அது மேல். ஒப்புக்கொண்டேன்.

13-1-2023, வெள்ளி
முகாம்: மகள் வீடு

மழை. மாவு பொங்கவில்லை. வம்ச வரைபடம் எழுதவில்லை.

17-1-2023, செவ்வாய்
முகாம்: மகள் வீடு

கார்ன்வென் வம்சத்தை இன்று கிழவர் வீட்டிலேயே உட்கார்ந்து முழுதும் படித்தேன். ஆயிரம் வருஷத்துக் கதை. தொடக்கத்தில் இவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. நம் ஊர் மாதிரி இன்னாருக்கு இன்னார் மகன் என்றுதான் போகிறது. அதைப் பார்த்துக் கொஞ்சம் ஒட்டுதல் வந்தது. பத்து வரி தாண்டியதும் போய்விட்டது.

முதல் ஆள் ஒரு குறுநில மன்னன். அண்ணனின் இரண்டு கண்ணையும் பிடுங்கிவிட்டு நாட்டை எடுத்துக்கொண்டவன். அதைக் கிழவர் ஒளிக்கவில்லை, சுவையாகச் சொல்கிறார். ஐந்நூறு வருஷம் கழித்து ஒருத்தன், பெண்டாட்டியைக் கோபுரத்தில் பூட்டி வைத்துச் சாகடித்திருக்கிறான். அதற்குப் பின் ஒருத்தன் கப்பல் கப்பலாக அடிமைகளை விற்றிருக்கிறான். இந்தப் பட்டமே அவனுக்கு வந்ததுதான். இவர்கள் எல்லோருக்கும் தடித்த எழுத்து. பெண்பிள்ளைகள் பிறந்த இடத்தில் 'மற்றும் மகள்கள் நால்வர்' என்று போட்டு முடித்துவிட்டார்கள். பெற்று வளர்த்தவர்களுக்கு நாலு பெயரை எழுத மை இல்லாமல் போயிற்றா? எண்ணிப் பார்த்தேன், மொத்தம் முப்பத்தொரு பெண்கள் பெயரில்லாமல் கிடக்கிறார்கள்.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே, டீ கொண்டுவந்த அந்தப் பெண் கிழவரின் காலை மேஜையில் தூக்கி வைத்து நகம் வெட்டினாள். ரொட்டி அறுக்கிற மேஜை. மஞ்சள் நகத்துண்டுகள் வெண்ணெய்த் தட்டுப் பக்கம் தெறித்தன. கையால் கூட்டி நெருப்பில் போட்டாள்.

"நல்ல வேலைக்காரி கிடைத்திருக்கிறாள் உங்களுக்கு," என்றேன்.

"வேலைக்காரி இல்லை. மாரெட், என் மகள்," என்றார்.

தாளைத் திரும்பப் பார்த்தேன். சர் இத்வல், மனைவி பெயர், அதற்குப் பிறகு 'பிள்ளைகள் இல்லை' என்று இருந்தது. அதற்கும் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சிறிய எழுத்தில்: தத்து மகள், மாரெட். பட்டம் கனடாவில் இருக்கிற தம்பி மகனுக்குப் போகிறது. அவன் இந்த வீட்டு வாசலை மிதித்துப் பதினோரு வருஷம் ஆகிறதாம். அவன் பெயர் தடித்த எழுத்து.

மாரெட்டுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆறு வாரக் குழந்தையாக வந்தவளாம்.

19-1-2023, வியாழன்
முகாம்: மகள் வீடு

இன்று கிழவரிடம் கேட்டே விட்டேன். அண்ணன் கண்ணைப் பிடுங்கினவன் கோட்டுக்கு மேலே, உங்கள் சீழைத் துடைக்கிறவள் கோட்டுக்குக் கீழே, இது எந்த ஊர் நியாயம் என்று. மாரெட் அப்போது கோழிக்கூண்டுப் பக்கம் இருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. "இது நியாயம் இல்லை, விதி," என்றார். "மாரெட் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று யார் சொன்னது? பிரியம் வேறு, பதிவு வேறு. அவள் ஒருநாளும் இதைப் பற்றிக் கேட்டதில்லை."

"கேட்காவிட்டால் வலிக்கவில்லை என்று அர்த்தமா?"

"நீங்களா இதைக் கேட்கிறீர்கள்?" என்றார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். "சொந்த வீட்டிலேயே எழுதவில்லை என்றீர்களே. அதனால்தான் இந்த வேலையை உங்களிடம் கொடுத்தேன்."

உட்கார்ந்து சுத்தப்பிரதி எழுதினேன். அடிக்கோல் வைத்து, கோணல் இல்லாமல், அந்தக் கோட்டையும் நானே போட்டேன். கீழே மாரெட் பெயரை எழுதினேன். முத்து மாதிரி எழுத்து என்றார் கிழவர்.

நாயகி காரில் கேட்டாள், "நம்ம வீட்டு வம்சம் எழுதியாச்சாம்மா?"

"நாளைக்கு," என்றேன்.

20-1-2023, வெள்ளி
முகாம்: மகள் வீடு

எழுதவில்லை. தாளை எடுத்து வைத்தேன். என் மாமியார் பெயர், மாமனார் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், என் பெயர். அதற்குக் கீழே போகவில்லை. பேனாவில் மை இருக்கிறது.

நாயகி என்னை மரியாதையாகத்தான் பேசுகிறாள். சின்ன வயதில் வா, போ என்பாள். பிளஸ் டூ படிக்கும்போது தானாகவே வாங்க, போங்க என்று மாறிவிட்டாள். எத்தனை பிள்ளைகளுக்கு அந்த வளர்ப்பு இருக்கிறது?

24-1-2023, செவ்வாய்
முகாம்: மகள் வீடு

எங்கள் அலுவலகத்தில் எந்த நகல் எழுதினாலும் அடியில் இரண்டு கையெழுத்து வேண்டும். எழுதியவர், ஒப்பிட்டவர். எழுதியவரே ஒப்பிடக் கூடாது. தன் தப்பு தன் கண்ணுக்குப் படாது. இன்னொருவர் மூலத்தைப் பார்த்துக்கொண்டு நகலை வரிவரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இன்று தாளைத் தபாலில் சேர்க்க வேண்டும். கிழவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். நான் விடவில்லை. ஒப்பிடாமல் நகல் வெளியே போகக் கூடாது என்றேன். யார் ஒப்பிடுவது? நாயகி அடுத்த வீட்டுக்குப் புண் கட்டப் போயிருந்தாள். கிழவருக்குக் கண் சரியில்லை. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகவே கூப்பிட்டுவிட்டது.

"மாரெட், கொஞ்சம் வந்து இதைப் படி."

அவள் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். உட்காரவில்லை. கண்ணைப் பிடுங்கினவனிலிருந்து தொடங்கினாள். கோபுரத்தில் பூட்டினவன், கப்பல்காரன், பெயரில்லாத முப்பத்தொரு பெண்கள், எல்லோரையும் ஒரே குரலில் படித்தாள். நாய் அவள் காலடியில் படுத்துக் கிடந்தது. கடைசித் தாள் வந்தபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"சர் இத்வல். பிள்ளைகள் இல்லை." கோட்டுக்குக் கீழே விரலை வைத்தாள். "தத்து மகள், மாரெட்."

"சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார் கிழவர்.

"சரியாக இருக்கிறது, அப்பா."

தாளை மேஜையில் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், அடுப்பு என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

வெளியே வந்து வேலி ஓரத்தில் வாந்தி எடுத்தேன். ஆடுகள் நின்று பார்த்தன. காரோடு வந்த நாயகி வாயைத் துடைத்துவிட்டாள். அவங்க வீட்டு சீஸ் ஒத்துக்கல போல என்றாள். நான் அந்த வீட்டில் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

25-1-2023, புதன்
முகாம்: மகள் வீடு

காய்ச்சல். நாயகி லீவு போட்டுக் கஞ்சி வைத்துத் தந்தாள். பாத்திரத்தை மூன்று தடவை அலசினாள், எனக்காக.

நாட்குறிப்பில் நடந்ததை எழுத வேண்டும். எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. 1985இல் நாயகியை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்தோம். மூன்றாவதும் பெண் என்று ஒரு பெண் அழுதுகொண்டு கொடுத்தாள். பத்து நாள் குழந்தை. தெருவில் யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று, நாயகிக்குப் பத்து வயதாகும்போது சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

2002இல் என் வீட்டுக்காரர் இறந்தார். வாரிசுச் சான்றிதழ் வேண்டியிருந்தது. என்னோடு வேலை பார்த்த ஆவுடையப்பன்தான் விசாரணைக்கு வந்தார். "அக்கா, பிள்ளை பேரையும் எழுதிருதேன். ரேசன் கார்டுல இருக்கு, பள்ளிக்கூடத்துல இருக்கு, யாரு கேக்கப்போறா," என்றார். நான்தான் தடுத்தேன். தத்துப் பத்திரம் பதியாத பெயரை எழுதக் கூடாது, நாளைக்கு ஒருத்தர் என்னைக் கைநீட்டிப் பேசக் கூடாது என்றேன். மனைவி, தாய், இரண்டு பெயர் போதும் என்றேன். ஒருவர் போய் அலுவலகத்தில் சான்றிதழை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். வாசித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றேன்.

இதில் விதியை மீறியது ஒன்றும் இல்லை. இருபது வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பத்திரம் பதிய எனக்குப் பதினேழு வருஷம் இருந்தது. ஊரிலுள்ளவர்களை எல்லாம் பதியாமல் இருக்காதீர்கள் என்று விரட்டியவள் நான். பதிவு அலுவலகம் எங்கள் அலுவலகத்துக்கு எதிர்த்தாற்போல்தான், ரோட்டைத் தாண்ட வேண்டும். ஏன் தாண்டவில்லை? எனக்கென்று ஒன்று பிறந்துவிடும் என்று காத்திருந்தேன். பிறந்தால் கோட்டுக்கு மேலே அதற்கு இடம் வேண்டும். நாற்பது வயது தாண்டியும் காத்திருந்தேன். அதற்குப் பிறகு வெட்கம், அப்படியே விட்டுவிட்டேன்.

கம்பளமும் நாயும் நகமும் அருவருப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். என்னைவிட அந்தக் கிழவர் மேல். அவர் கோட்டுக்குக் கீழேயாவது எழுதினார்.

27-1-2023, வெள்ளி
முகாம்: மகள் வீடு

பெத்தன் வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும், சாயம் போட்ட முடி. நான் செய்துவந்த விசாரணையை இன்று என்னிடம் ஒருத்தி செய்தாள். நாயகியும் மாப்பிள்ளையும் எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை டீ கலக்கிக்கொண்டே இருந்தார், சர்க்கரை போடாத டீ.

"உங்கள் வீட்டில் நாயகியை எல்லோரும் சொந்தப் பிள்ளையாகவே நடத்தினார்களா?" என்று கேட்டாள் பெத்தன்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. நாயகி என் முகத்தைப் பார்க்கவில்லை, கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் மனு படுத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு குழந்தையை நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன். ஆனாலும் சொன்னேன். சான்றிதழைப் பற்றி, பதியாத பத்திரத்தைப் பற்றி, காத்திருந்ததைப் பற்றி, எல்லாவற்றையும் என் தாலுகா ஆபீஸ் இங்கிலீஷில் சொன்னேன்.

பெத்தன் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இந்த வீட்டுக்கு ஒரு குழந்தை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள்.

"முதல் நாளே பத்திரம் எங்கே என்று இவர்களைக் கேட்பேன்."

அவள் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள். வம்ச வரைபடம் கேட்டாள். திங்கட்கிழமை தருகிறேன் என்றேன்.

அவள் போன பிறகு நாயகி தொட்டியில் கப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். மனுவைக் கெடுத்துவிட்டேனா என்று கேட்டேன்.

"அது அவங்க பாத்துக்கிடுவாங்க," என்றாள். தண்ணீரை நிறுத்தவில்லை. "எல்லாஞ் சொன்னிய. ஒருத்தர் போயி வாங்கிட்டு வந்தாருன்னு சொன்னிய. அந்த ஒருத்தர் யாருன்னு சொல்லலியேம்மா."

அடுத்த கப்பை எடுத்தாள்.

"அப்பா செத்த துட்டி கழியாம நீங்க வெளிய போகக் கூடாதுன்னு ஆச்சி சொன்னாவ. அதனால நாந்தான் சைக்கிள எடுத்துட்டுப் போனேன். ஆபீஸ் வாசல்லயே நின்னு படிச்சேன். ரெண்டு பேரு இருந்துச்சு. என் பேரு பின்னால இருக்கும்னு தாளத் திருப்பிப் பாத்தேன். வெறுந்தாளா இருந்துச்சு." ஒரு கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மறுபடியும் அலசினாள். "வீட்டுக்கு வந்து, சரியா இருக்கா பாரும்மான்னு உங்க கையிலதான் குடுத்தேன்."

தாளைத் திருப்பிப் பார்த்தாளாம். பதினேழு வயது அப்போது அவளுக்கு.

30-1-2023, திங்கள்
வீடு

காலையில் பெத்தன் நாயகியிடம் போனில் பேசினாள். அறிக்கை சாதகமாகத்தான் போகிறதாம். வீட்டில் ஒருவராவது தப்பைத் தப்பு என்று சொன்னது நல்லது என்றாளாம். தத்துக் கொடுப்பதை முடிவு செய்கிற குழு கூடுவது அடுத்த மாதம். வம்ச வரைபடம் மட்டும்தான் பாக்கி.

உட்கார்ந்து எழுதினேன். பத்து நிமிஷம்தான் ஆயிற்று. மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான். எங்கள் இருவருக்கும் கீழே நேர்கோடு, தடித்த எழுத்தில் மகள் பிரமநாயகி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த முழுப்பெயர். பிறந்த தேதி. அடைப்புக்குறி இல்லை, வேறு கோடு இல்லை. அவளுக்குப் பக்கத்தில் உலகநாதன். கீழே ஒரு காலிக் கட்டம். எழுதியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாயகியைக் கூப்பிட்டு ஒப்பிடச் சொன்னேன். மனசு லேசாக இருந்தது, பெருமையாகக்கூட இருந்தது.

நின்றுகொண்டே படித்தாள். வாய்விட்டு, வரிவரியாக. தன் பெயரில் வந்து நின்றாள்.

"சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சு," என்றாள். "என்னப் பெத்தவளக் காணும்."

முப்பத்தொரு பெண்களைப் பெயரில்லாமல் விட்டார்கள் என்று கார்ன்வென்களைத் திட்டித் தீர்த்தவள் நான். ஒரு பெண் அழுதுகொண்டு கொடுத்தாள் என்று போன வாரம் இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். பெயர் தெரியாமல் எழுதவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் வாசித்தது, முப்பத்தெட்டு வருஷமாக ஒருநாளும் மறந்ததில்லை. சொன்னால் பிள்ளை அவளைத் தேடிப் போய்விடும் என்று பயம். நேர்கோடு போட்டபோதும் அந்தப் பயம்தான்.

"வரப்போற பிள்ளைக்கு நாளைக்கு நான் பதில் சொல்லணும்லா. பெத்தவளயும் எழுதணும்னுதான் தத்தெடுக்குற வகுப்புல எங்களுக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க," என்றாள். பிறகு தரையில், என் முழங்கால் பக்கம் உட்கார்ந்தாள். "அவ பேரு என்னம்மா? சொல்லு."

சொன்னேன். மாடத்தி. வலது புருவத்தில் ஒரு தழும்பு. குழந்தையைக் கொடுக்கும்போது தன் சேலையிலேயே சுற்றிக் கொடுத்தாள், நீலச் சேலை. அதை நான் இரண்டு நாள் கழித்து எரித்துவிட்டேன். அதையும் சொன்னேன்.

நாயகி அந்தப் பெயரை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். நான் தாளை வாங்கி, அவளுக்கு மேலே இன்னொரு நேர்கோடு போட்டு, என் பெயர் எழுதிய அதே அளவில் மாடத்தி என்று எழுதினேன். எழுத்து கோணிவிட்டது, வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஒப்பிட்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.